கொட்டாவி என்று தேடினால்

கணினி இல்லை என்றது. கண் இருக்கிறது என்றது.

அவளுடைய நாவலை அச்சுக்கு முன் சரிபார்க்கப் பதிப்பகம் அனுப்பிய மெய்ப்பில், ஒரு பக்கத்தின் நடுப்பத்தியில், ‘கொட்டாவி’ என்ற சொல் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. அதே சொல்லைத் தன்னுடைய மூலக் கோப்பில் தேடினாள். ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. அவசரத்தில் தப்பாகத் தட்டிவிட்டோமோ என்று நிதானமாக மறுபடி தட்டினாள். ஒன்றுமில்லை. அந்த அத்தியாயத்துக்குக் கையால் உருட்டிக்கொண்டே போனாள். அங்கேயும் அது இருந்தது. கண்ணெதிரே நிற்பதை இல்லை என்று சாதிக்கும் திரையை வெறித்துப் பார்த்தாள்.

வெறும் சொல்லாக இருந்தால் அந்த ஓரிடத்தில் திருத்திவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பாள். அது அவளுடைய பெயர். உலகத்தில் ஒரே ஒருவன்தான் அவளை அப்படிக் கூப்பிட்டான். கல்யாணமான புதிதில் அவன் தன் கவிதைகளை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது அவளுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அவன் சிரித்தான். அன்றிலிருந்து அவள் கொட்டாவி. முதலில் செல்லமாக, பிறகு விருந்தாளிகள் முன்னால், அதன் பிறகு கதவைத் தாழிட்டுவிட்டு. அவளுடைய வலது மணிக்கட்டு உடைந்த நாளிலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பக்கத்தில் வரச் சொன்னான்.

அவள் அவனை விட்டு அக்காவிடம் வந்துவிட்டாள். ஆனால் அவன் புத்தகப் பைத்தியம். புதிதாக எது வெளிவந்தாலும் பென்சிலோடு உட்கார்ந்து படிப்பான். ஒரு பத்திரிகையில் அவள் சொந்தப் பெயரில் ஒரு சிறுகதை எழுதியபோது, அந்த அலுவலகத்துக்குப் போய், “நான் அவங்க வீட்டுக்காரர்” என்று பணிவாகச் சொல்லி முகவரி வாங்கிவிட்டான். மறுநாள் வாசலில் சிரித்துக்கொண்டு நின்றான். அக்காவும் தங்கையும் அந்த வீட்டையே காலி செய்ய வேண்டியதாயிற்று.

அதனால் இந்த நாவலுக்குப் புனைபெயர். கதை ஒரு சலவைக்கடையில் நடக்கிறது; அவன் வாழ்நாளில் ஒரு கைக்குட்டை துவைத்ததில்லை. அவனை நினைவூட்ட அதில் எதுவுமே இல்லை, துணி மடிக்கும் பெண்ணின் பட்டப்பெயரைத் தவிர. முதல் பிரதியில் உண்மைப் பெயரை வைத்தால்தான் சிலருக்குக் கை ஓடும். பொய்ப் பெயரை வைத்தால் பாத்திரம் வாயைத் திறக்காது. எழுதி முடித்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று அவளும் வைத்தாள். முடித்ததும் ஒரே கட்டளையில் ‘கொட்டாவி’ எல்லாவற்றையும் ‘தூங்குமூஞ்சி’ ஆக்கினாள். கடை நாய்கூட ஓரிடத்தில் தூங்குமூஞ்சி விட்டது. அதை அக்கா கண்டுபிடித்துச் சிரித்தாள். அந்த நாயை அக்காவே தன் மடிக்கணினியில் சரிசெய்து அனுப்பிய பிரதிதான் இப்போது மெய்ப்பாகத் திரும்பி வந்திருக்கிறது.

பக்கம் வடிவமைப்பவரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“மேடம், நான் ஒரு எழுத்தக்கூடத் தொடலங்க. நீங்க அனுப்புனத அப்படியே ஊத்தி வச்சிருக்கேன்.”

“அந்தப் பேர் எப்படி வந்துச்சு?”

“எந்தப் பேரு? கொட்டாவியா?” அவர் சிரித்தார். “சொல்லப்போனா அதுதான் நல்லாருக்கு. அதையே வச்சுக்கலாமே.”

அந்தக் குரலில் அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“என்னைப் பத்தி உங்ககிட்ட யாராவது விசாரிச்சாங்களா?”

மறுமுனை கொஞ்சம் யோசித்தது. “இல்லையே. ஏன் மேடம், யாராவது வருவாங்களா? சாயங்காலம் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள திருத்தம் இருந்தா சொல்லிடுங்க.”

ஏன் யோசித்தார்? தொலைபேசியை வைத்தபிறகும் அதுவே அவளைக் குடைந்தது. மெய்ப்பை மேலும் புரட்டினாள். இன்னோர் அத்தியாயத்திலும் கொட்டாவி. அதற்குப் பிறகும் ஒன்று. யாரோ உள்ளே வந்து, பென்சிலால் வட்டம் போடுவதுபோல, ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

“அக்கா, அவன் கோப்புக்குள்ள வந்துட்டான்.”

அக்கா தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். “என்னடி உளர்ற? தன்னோட மடிக்கணினிய அணைக்கவே அவனுக்குத் தெரியாது, அப்படியே மூடி மேல புத்தகத்த வப்பான்.”

“அப்போ யாரு?”

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தபோது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவசரமில்லாத காலடி. அது அவர்களுடைய தளத்தில் வந்து நின்றது. அக்கா கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. தங்கை கதவின் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டிருக்கிறது என்று தெரிந்தும் போட்டிருக்கிறதா என்று பார்த்தாள். சாவிக்கொத்து குலுங்கியது. எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடிக்கொண்டது.

“மூச்ச விடு,” என்றாள் அக்கா. பிறகு தானும் விட்டாள். “பேய் பிசாசா வந்து மாத்தும்? எந்தெந்த இடத்துல இருக்கு, அதச் சொல்லு முதல்ல.”

சொன்னாள். அக்காவின் முகம் மாறியது. “அதெல்லாம் நான் தட்டுனதுடி.”

அக்காவிடம் வந்த புதிதில், மணிக்கட்டு மாவுக்கட்டில் இருந்தபோதே நாவல் தொடங்கிவிட்டது; தங்கை சொல்லச் சொல்ல அக்காதான் தன் பழைய மடிக்கணினியில் தட்டினாள். உன் காதல் காட்சியைக் கேட்டுக்கொண்டே தட்டுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும் என்று அப்போது அவள் அலுத்துக்கொள்வாள்.

தங்கை அந்தச் சொல்லின் மேல் சுட்டியை வைத்தாள். முதலெழுத்தான ‘கொ’வுக்கு அடுத்து நிறுத்தி, அழிக்கும் விசையை ஒரே ஒரு தடவை அழுத்தினாள். கால் மட்டும் போயிற்று. ‘கெட்டாவி’ என்று நின்றது. பக்கத்தில் தானே புதிதாகக் ‘கொட்டாவி’ என்று தட்டி, அதே இடத்தில் அதேபோல ஒரு தடவை அழுத்தினாள். கொம்பும் காலும் சேர்ந்தே போயின. ‘கட்டாவி’ என்று நின்றது.

இரண்டும் பார்வைக்கு ஒன்று. அழியும்போது வேறு.

“அக்கா, கொ எப்படித் தட்டுவ?”

“எப்படின்னா? தட்டச்சுப் பள்ளியில சொல்லிக்கொடுத்த மாதிரிதான். கொம்பு, க, கால்.”

கணினிக்கு எழுத்தின் உருவம் தெரியாது. ஒவ்வொரு குறிக்கும் அது ஓர் எண்ணை வைத்திருக்கிறது. தேடு என்றால் எண்வரிசையை எண்வரிசையோடு ஒப்பிடுகிறது. தங்கை தட்டும் ‘கொ’வில் இரண்டு எண்கள்: க ஒன்று, ஒகரக் குறி ஒன்று. அந்தக் குறி ஒன்றேதான் என்றாலும் திரையில் க-வுக்கு இருபுறமும் பிரிந்து நிற்கும். அக்கா கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டுகிறாள். சில கணினிகள் இரண்டையும் ஒரே குறியாகச் சேர்த்துக்கொள்ளும். அவளுடையது சேர்க்கவில்லை. அதனால் அவளுடைய ‘கொ’வில் மூன்று எண்கள். வரையும்போது ஒரே உருவம், ஒப்பிடும்போது வேறு சொல். மாற்றச் சொன்னபோது தங்கை தட்டியவை மட்டும் மாறின. யாரும் உள்ளே வரவில்லை. அவை அங்கிருந்து போகவே இல்லை.

அவள் ‘கெ’ என்று மட்டும் தேடினாள். அக்காவின் மூன்று எண்களில் முதல் இரண்டும் அதுதானே. கெட்ட, கெஞ்சினாள், கெடு என்று தமிழில் ‘கெ’ அதிகமில்லை. அக்கா தட்டிய ‘கொண்டு’, ‘கொஞ்சம்’ எல்லாம் சேர்ந்தும் பட்டியல் கண்ணால் பார்த்துவிடும் அளவில்தான் வந்தது. அதற்குள் கொட்டாவிகள் ஒளிந்திருந்தன. சுட்டியை எழுத்தெழுத்தாக நகர்த்தியபோது ஒன்றில் மட்டும் அது ‘கொ’வின் காலுக்கு முன்னால் தனியாக நின்றது. அது கால் இல்லை. ர.

“இது என்ன?”

“அந்த விசை ஒட்டிக்கிச்சு,” என்றாள் அக்கா, கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டு. “ர பார்க்க அதே மாதிரிதானே இருந்துச்சு.”

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லின் நடுவில் இன்னொரு கால் இருக்கிறது. ‘ட்டா’வின் கால். அங்கேயும் ர விழுந்திருந்தால்? முழுச்சொல்லாகத் தேடினால் அது தப்பித்துக்கொள்ளும். அந்தக் கால் வருவதற்கு முன்பே சொல்லை வெட்டிவிட்டால் தப்பிக்க முடியாது. ‘கொட்ட’ என்று தேடினாள். கொட்டிய மழைக்கும் கொட்டகைக்கும் நடுவில், ‘கொட்டரவி’ என்று ஒன்று இருந்தது. அது மாவுக்கட்டு நாட்களில் தங்கையே இடதுகையால் தட்டியது.

வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அவள் வடிவமைப்பவருக்கு எழுதினாள்.

‘புதுக் கோப்பு அனுப்பினால் நீங்கள் பக்கங்களை மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். உங்களிடம் இருக்கும் கோப்பிலேயே இரண்டு தடவை தேடுங்கள். முதலில் “கொட்ட”. பிறகு “கெ”. வருகிற ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள். நாய் விடும் கொட்டாவியை விட்டுவிடுங்கள். பெண்ணின் பெயராக எங்கே வந்தாலும் முழுச்சொல்லையும் அழித்துவிட்டு, “தூங்குமூஞ்சி” என்று புதிதாகத் தட்டுங்கள்.’