இடம் மாறிய மச்சம்

பாலம் திறந்த ஐம்பதாம் ஆண்டுக் கண்காட்சிக்கு, திறப்பு விழாவின்போது அடித்த வெண்கலப் பதக்கத்தைக் கேட்டிருந்தார்கள். அதில் இருக்கும் பெண் யார் என்றும் எழுதித் தரவேண்டுமாம். பதக்கத்துக்கு அச்சு செதுக்கியவரின் மனைவிக்கு அது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போலிருந்தது.

பதக்கம் வீட்டுக்கு வந்த அன்று, அதில் இருப்பது அவள்தான் என்று கணவர் சொன்னார். அவள் பூரித்துப் போனாள். அக்காள்காரி சும்மா இருப்பாளா? விரல்நுனி அளவு முகத்தில் சாயலை யார் கண்டார்கள், மச்சத்தைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு இடது கன்னத்துல இருக்கு. இவளுக்கு வலது கன்னத்துலதானே இருக்கு" என்று பற்றவைத்தாள். கணவரைக் கேட்டால், மனிதர் முகம் வெளுத்து வாயே திறக்கவில்லை. யாரோ ஒருத்தி என்று முடிவுகட்டி, பதக்கத்தை அலமாரியில் கவிழ்த்துப் போட்டாள். பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள். முள் மட்டும் தைத்த இடத்திலேயே இருந்தது.

இப்போது துடைப்பதற்காக எடுத்தாள். மதிய வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்ததும் அதில் செதுக்கிய ஆறு நகர்ந்தது. பாலத்து வளைவின் கீழே எள்ளளவு படகு. பெண்ணின் கூந்தலில் காற்று இருந்தது. கன்னத்தில் ஒளி ஏறி இறங்கிய அழகில் அவளுக்குக் கோபம்கூட மறந்துவிட்டது. எவ்வளவு ஆசையாகச் செதுக்கியிருக்கிறார் என்று நினைத்தபடியே நிமிர்ந்தாள்.

எதிரே நிலைக்கண்ணாடி. அதில் தெரிந்தவளுக்கும் கையில் இருந்தவளுக்கும் மச்சம் ஒரே பக்கத்தில் இருந்தது.

நாற்காலியில் கண்மூடிக் கிடந்தவரை எழுப்பினாள். அச்சில் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றிச் செதுக்கினால்தான் பதக்கத்தில் நேராக விழும். அது அவளுக்கும் தெரியும். "முகத்தை மட்டும் திருப்பாம செதுக்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"எழுத்தையெல்லாம் ஒழுங்காத் திருப்பிட்டேன்" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு. "முகம் மட்டும், எதிர்ல இருந்த உன் போட்டோவைப் பாத்துப் பாத்து அப்படியே செதுக்கிட்டேன். திருப்பணும்னு தோணவே இல்ல. அச்சு வெட்டறவனுக்கு இதைவிடக் கேவலம் உண்டா?"

"உங்க மானம் போகக் கூடாதுன்னு என்னை இத்தனை வருஷம் வேகவிட்டீங்களே."

வாய் ஓயும் வரை திட்டினாள். பிறகு அழுதாள். கண்காட்சிக்காரர்களுக்கு என்ன எழுதட்டும் என்று அவர் மெல்லக் கேட்டார்.

"என் பேரை எழுதுங்க. மச்சம் இடம் மாறினது செதுக்கினவரோட தப்புன்னும் சேத்து எழுதுங்க."

அவர் பதக்கத்தை வாங்கி, அந்த மச்சத்தை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு பேனாவைக் கொண்டுவரச் சொன்னார்.