பெண்கள் பக்கத்துக் கைகள்

ரம்லத் அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்து வைட்டமின் டப்பாவுக்குள் போட்டாள். வெற்று அட்டையை அடுப்பில் எறிந்தாள். மகள் நிலோபரின் வலிப்பு மாத்திரைகள் அந்த வீட்டில் எப்போதும் இப்படித்தான் இருக்கும். கம்பத்தில் வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று, ஏலக்காய் வியாபாரியான கணவர் ராஜா முகம்மது மதுரைக்குப் போய் வாங்கி வருவார்.

"நிக்காஹ் முடியட்டும். அப்பறம் நிறுத்திக்கலாம்," என்றாள் ரம்லத்.

"நிறுத்தக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாகல்ல? போன தடவ நிறுத்தித்தான அடுப்புல விழுந்தேன்."

"மெதுவாப் பேசு. சன்னல் தொறந்திருக்கு."

நிலோபர் தகப்பனிடம் திரும்பினாள். "இன்னைக்கு ஆஸ்பத்திரிக் கூட்டத்துல அந்த மாத்திரைக்குக் கை தூக்குங்க அத்தா. இங்கனயே கெடைச்சா நானே போய் வாங்கிக்கிருவேன்."

"சம்மந்தி சேக் பரீத் வருவாக. அவுக முன்னாலயா?" சட்டைப் பொத்தானைப் போட்டபடி அவர் வெளியேறினார்.

அது 2007. மேலிடத்திலிருந்து அரசு ஆஸ்பத்திரிக்கு வராத மருந்துகளில் ஒன்றை மட்டும் ஊர் நிதியில் வருடம் முழுக்க வாங்கலாம். சத்து டானிக்கா, வலிப்பு மாத்திரையா என்பதுதான் அன்றைய கூட்டத்தின் கேள்வி. வீட்டில் வலிப்பு உள்ளவர்கள் கை தூக்கினால் எண்ணி முடிவு செய்யலாம் என்றார் டாக்டர் பவானி.

"டானிக்னா எல்லாருக்கும் ஆகும்," என்றார் சேக் பரீத். "அந்தச் சீக்கு நம்ம ஊர்ல எங்கன இருக்கு?"

"குமுளிக்கு அங்கிட்டு, கேரளாவுல இருக்கும்," என்றது ஒரு குரல். சிரித்தார்கள். சிரிக்காத சிலர் தரையைப் பார்த்தார்கள். ஆண்கள் பக்கம் ஒரு கையும் எழவில்லை.

பெண்கள் துணித் திரைக்குப் பின்னால் இருந்தார்கள். கமிட்டி ஆள் ஒருவர் உள்ளே போய் எண்ணி வந்து சொல்வது வழக்கம். அன்று கமிட்டியிலிருந்த ராஜா முகம்மது போனார்.

ஒரே ஒரு கை உயர்ந்திருந்தது. நிலோபரின் கை. ரம்லத் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மற்ற பெண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அவர் வெளியே வந்தார். "பொம்பளைக பக்கம் யாருமில்ல."

டாக்டர் பேனாவைத் திறந்தார். அப்போது திரைக்கு மேலே ஒரு கை தெரிந்தது. நிலோபர் எழுந்து நின்றுவிட்டாள். முகம் தெரியவில்லை. சட்டைக்கை நழுவி, முழங்கைக்குக் கீழே பழைய தீத்தழும்பு தெரிந்தது. யார் கை என்று சேக் பரீத் எட்டிப் பார்த்தார்.

திரையின் மறுகோடியில் இன்னொரு கை எழுந்தது. திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் பஞ்சம்மாள். அவள் மகனுக்கும் வலிப்பு உண்டு.

"பாய், இங்கன கை இருக்கு," என்றாள் அவள். "ஏலக்காயில சொத்தை பார்க்கிற கண்ணுக்கு இது தெரியலையாக்கும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவதாக ஒரு கை எழுந்தது.

"திரும்ப எண்ணிட்டு வாங்க பாய்," என்றார் டாக்டர்.

ராஜா முகம்மது திரையை விலக்கினார். விலக்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே மகள் நின்றாள். அவளைத் தாண்டி மறுகோடிக்குப் போய், பஞ்சம்மாளைக் காட்டி, "ஒன்னு," என்றார்.

நிலோபர் கையை இறக்காமல் காத்திருந்தாள்.