ஒன்றேகால் மணி நேரத் தூரம்

அவள் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். அப்பா லாரி ஓட்டி ஓய்ந்தவர். இருவரின் ஊர்களுக்கும் நடுவே எண்ணூறு கிலோமீட்டருக்குக் குறையாது. அந்தச் சாலையில் வருஷக்கணக்காகச் சரக்கு ஏற்றிப் போனவர் என்பதால், "ஒரு நாள் முழுக்க ஆகும்ப்பா, லீவு கிடைக்காது" என்று மகள் சொல்லும்போதெல்லாம் நம்பினார். யாராவது அவளைக் குறை சொன்னால் சண்டைக்கே போவார்.

"அந்தத் தூரம் எனக்குத் தெரியும்யா. இடுப்பு கழண்டுடும். அவ எப்படி அடிக்கடி வருவா?"

இரண்டு ஊருக்கும் நடுவே நேர் விமானம் வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அதைப் பற்றி அவள் வீட்டில் மூச்சு விடவில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை. போனால் அப்பாவின் சிகரெட் நெடி, கேட்ட கேள்வியையே கேட்பது, அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது. தூரம் நல்ல சாக்காக இருந்தது.

ஒரு நாள் காலையில் அண்ணன் போன் செய்தான். "அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு. இடுப்பெலும்பு உடைஞ்சிருக்கு. நாளைக்கு ஆபரேஷன். அதுக்குள்ள எப்படியாவது வந்துடு."

கையிலிருந்த மெழுகு அச்சைப் போட்டது போட்டபடி ஓடினாள். விமானம் பிடித்து மதியம் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய பிறகுதான் உறைத்தது, ஒரு நாள் முழுக்க ஆகும் என்று சொல்லிவந்தவள் அதற்குள் இங்கே இருக்க முடியாது.

எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்தாள். இருட்டும்வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள். போன் அடித்தது. அண்ணன்தான்.

"எங்க வந்துட்டிருக்க? வலிக்கு ஊசி போட்டும் தூங்கமாட்டேங்கறாரு. வழியில நல்ல கடையே கிடையாது, பிள்ளை பட்டினியா வருவாளேன்னு புலம்பிட்டே இருக்காரு."

கடித்த பன்னைத் தட்டிலேயே வைத்தாள். எழுந்து சாலையைக் கடந்தாள்.

அவளைப் பார்த்ததும் அப்பா எழ முயன்று முனகினார். "அதுக்குள்ள எப்படிம்மா வந்த?"

"ஃபிளைட்லப்பா. நேரா இங்கயே வருது. ஒன்னேகால் மணி நேரம்தான்."

"புதுசா விட்டிருக்கானா!" வலியை மறந்து பக்கத்துக் கட்டில்காரரைக் கூப்பிட்டார். "கேட்டீங்களா? இனிமே எம்பொண்ணு நெனச்சா வந்துடுவா."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கு முன்பே தெரியும் என்று அவளுக்குப் புரிந்தது. காட்டிக்கொடுக்க மாட்டான். புதுசுதான் என்று அவள் தலையை ஆட்டினால் போதும்.

"புதுசு இல்லப்பா. நாலு வருஷமா இருக்கு."

அப்பா போர்வை நுனியை நீவிக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்துக் கட்டில்காரரிடமே சொன்னார். "டிக்கெட் யானை விலையா இருக்கும். பாவம், என்ன பண்ணுவா."

அவள் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து அழுதாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவர் கம்பு ஊன்றி நடக்கும்வரை கூடவே இருந்தாள். இப்போதெல்லாம் மாதம் தவறாமல் போகிறாள். ஒவ்வொரு தடவையும் அப்பா கேட்கிறார், "ரொம்ப அலைச்சலாம்மா?" கேலியா, கரிசனமா என்று அவளுக்குப் பிடிபடுவதில்லை. கேட்கவும் வாய் வருவதில்லை.