கட்டைவிரல் இருக்கவேண்டிய இடம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளைப் பென்சிலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது அவள் வேலை. ஆனால் கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் தன் சோற்றை ஐந்து நிமிடத்தில் அள்ளிப்போட்டுக்கொண்டு, மற்றவர்கள் சாப்பிடும் கைகளைச் சலவைச் சீட்டின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டிருப்பாள்.

வேலை மதியம் இரண்டு மணிக்கு. காலை ஆறிலிருந்து பதினொன்று வரை அடுக்களை ஜன்னலோரம் அவளுடையது. யாரோ கழித்துப்போட்ட அலமாரியின் பலகையைத் தேய்த்து, வெள்ளை பூசி, காயவைத்துத்தான் படத்தைத் தொடுவாள். வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் மிச்சம் வைத்த டப்பாக்கள்தான் அவளுடைய வண்ணம். சொல்லித்தர ஆளில்லை. முகம் ஓரளவு படிந்தது. துணியின் மடிப்பு தண்ணீர் பட்ட பாடு. தினமும் நூறு மடிக்கிறவள் அல்லவா. கைதான் மசியவில்லை. ஆரம்பத்தில் போட்ட கைகள் வாழைச்சீப்பு மாதிரி தொங்கின. கட்டைவிரல் உள்ளங்கையில் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று பிடிபடவே இரண்டு வருடம் ஆயிற்று. தேறாத பலகைகளின் பின்னால் சாக்கட்டியால் 'தப்பு' என்று எழுதிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள்.

இப்படிப் பதினோரு வருடம். போன வருடம்தான், போர்வையைப் பிழியும் ஒரு கை, நரம்பு தெறிக்க, தொட்டால் ஈரம் ஒட்டும்போல வந்து விழுந்தது. அன்று அவள் அதன் எதிரிலேயே உட்கார்ந்து காபியை ஆறவிட்டாள்.

தம்பி வேன் ஓட்டுகிறவன். ஓர் ஓவியக்கூடத்துக்குச் சாமான் ஏற்றி இறக்குவான். அதன் முதலாளியிடம் அக்காவைப் பற்றிப் பெருமையடித்திருக்கிறான். ஒருநாள் அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் கதவைத் திறந்து அந்த ஆளை உள்ளே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். பன்னிரண்டு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார், ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி என்று அவளிடம் சொன்னபோது அவனுக்கு வாயெல்லாம் பல்.

அவள் சுவரைப் பார்த்தாள். புதுப் படம் ஒன்றுகூட இடம் மாறவில்லை. குனிந்து பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் பாதி காலி.

புதியவற்றில் அந்த வெள்ளந்தித்தனம் போய்விட்டது என்றாராம் முதலாளி. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டவர் வரைந்ததுபோல் இருக்கிறதாம். இனிமேலும் பழையபடியே வரையச் சொன்னாராம்.

"பின்னாடி தப்புன்னு எழுதியிருந்தேனே, படிக்கலையா நீ?"

"படிச்சேன்கா. அவர்கிட்டயும் காட்டினேன். அது இன்னும் விசேஷம்னாரு."

அவன் நீட்டிய அழைப்பிதழை வாங்காமல் பாத்திரம் கழுவப் போனாள்.

ஞாயிறு காலை துணிப்பையில் ஒரு தூரிகையையும் இரண்டு டப்பாக்களையும் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கூடத்து வாசலில் கையில் ஒரு தாளைத் திணித்தார்கள். 'யாரிடமும், எதையும் கற்காதவர். தூரிகையைத் தொட்டால் இவர் கை தானாக ஓடும்' என்று அச்சடித்திருந்தது. இரண்டு முறை படித்தாள். எத்தனை ஆயிரம் சீட்டுகள், எத்தனை விடியல்கள்! தானாகவாம்!

உள்ளே, விரிப்பு மடிக்கும் இரண்டு பெண்களின் படம் நடுச்சுவரில் தொங்கியது. அதில் ஒருத்திக்குக் கட்டைவிரல் சுண்டுவிரல் பக்கமாக முளைத்திருந்தது. அவள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்து அந்த விரலை வெள்ளையால் மூடினாள்.

இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து இரண்டு பேர் கைதட்டினார்கள். முதலாளியும் சிரித்துக்கொண்டேதான் வந்தார். விரல் காணாமல் போனதைப் பார்த்ததும் சிரிப்பும் போயிற்று.

"என்னம்மா பண்றீங்க? படம் கெட்டுப்போயிடும்."

"கெட்டுப்போய்த்தான் சார் இருந்துச்சு. இப்பதான் சரி பண்றேன்."

அந்தத் தப்பைப் பார்க்கத்தான் இத்தனை பேர் வந்திருக்கிறார்கள், அதுதான் உங்கள் தனித்தன்மை என்று அவர் குரலைத் தணித்துச் சொன்னார். பலகையைக் கழற்றக் கையை நீட்டினார்.

"தொட்டீங்கன்னா உங்க சட்டையிலயும் ஒரு கட்டைவிரல் வந்துடும்."

நீட்டிய கை அப்படியே நின்றது.

"யாரும் சொல்லித் தரலைன்னா நான் கத்துக்கவே இல்லைன்னு ஆயிடுமா சார்? இந்த ஒரு விரலுக்கு ரெண்டு வருஷம் போச்சு. தானா ஓடுச்சுன்னு அச்சடிச்சிருக்கீங்க. ஒருநாளாவது பக்கத்துல நின்னு பார்த்தீங்களா?"

அவள் குரல் உயரவில்லை. விரலை அதன் இடத்தில் நட்டு, நகத்துக்கு வெளிச்சம் வைத்துவிட்டுத்தான் எழுந்தாள். பன்னிரண்டையும் வேனில் ஏற்று என்று கூட்டத்தில் நின்றிருந்த தம்பியிடம் சொன்னாள். முதலாளி தடுக்கவில்லை. இந்தப் பைத்தியத்தை யார் கூட்டிவந்தது என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தது அவள் காதிலும் விழுந்தது.

வழிநெடுக அவள் பலகைகள் சரியாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் தம்பி, "உன் நல்லதுக்குத்தானேக்கா செஞ்சேன்" என்றான். கண் கலங்கியிருந்தது.

"என்னைக் கேட்டியாடா?"

அவள் கையை நீட்டினாள். அவன் சாவி வளையத்திலிருந்து அவள் வீட்டுச் சாவியைக் கழற்றி அதில் வைத்தான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் அவனுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கண்காட்சிக்கு மறுநாள் காலை ஆறு மணிக்குப் புதுப் பலகையைச் சாய்த்துவைத்தாள். கை போதும், இனி காது என்று முடிவு கட்டியிருந்தாள். முதல் காது கோப்பையின் பிடி மாதிரி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததைப் போட்டாள்.