சாவி உள்ளே, ஸ்டீயரிங் வெளியே

என் மனைவியின் அண்ணன் ஒன்றை நினைத்துவிட்டால், யார் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. காட்டுப் பாதைகளில் சுற்ற நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வண்டி வாங்குவதாகப் பேச்சு. படுக்கையும் அடுப்பும் வைத்த வேன் போதும் என்றேன் நான். பிக்கப் வண்டியின் முதுகில் தனி அறை ஏற்றியதுதான் வேண்டும் என்றார் மச்சான். அப்படி ஒன்றை ஓட்டிப் பார்க்க வாடகைக்கு எடுத்தோம்.

பாறையிலும் சேற்றிலும் அது வெள்ளாடு போல ஏறியது. வழியெல்லாம் மச்சானின் பெருமை தாங்கவில்லை. மேட்டின் உச்சியில் நிறுத்தி, பின்னால் இருந்த அறைக்குள் ஏறித் தேநீர் போட்டோம்.

திடீரென்று அறை ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு கொம்பன் யானை எங்கள் வண்டியில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

சாவி என் கையில்தான் இருந்தது. ஆனால் ஸ்டீயரிங்கைத் தொட வேண்டுமென்றால், கதவைத் திறந்து கீழே இறங்கி, யானையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"வேனா இருந்தா உள்ளுக்குள்ளயே தாவிப் போய் ஸ்டார்ட் பண்ணியிருப்பேன்" என்று பல்லைக் கடித்தேன்.

"மூச்சு விடாதீங்க மாப்ள."

அடுத்த உரசலில் தம்ளர் சரிந்தது. சத்தம் வராமல் பிடித்துவிட்டேன். கொதிக்கும் தேநீர் கையெல்லாம் வழிந்தது, வாயைத் திறக்கவில்லை.

யானை சலித்துப்போய் நகர்ந்தது. கிளைகள் முறியும் சத்தம் தூரத்தில் அடங்கிய பிறகுதான் மச்சானுக்கு உயிர் வந்தது. கூடவே வாயும் வந்தது.

"என்னதான் சொல்லுங்க மாப்ள, வேனா இருந்தா இந்த இடத்துக்கு வந்திருக்கவே முடியாது."

"அதத்தான் மச்சான் காலையிலேர்ந்து நானும் சொல்றேன்!"