அண்ணன் குரல் இருந்த பெட்டி

"பெட்டி செத்துப்போச்சும்மா" என்று அண்ணி போனில் அழுதாள். அலுவலகத்தில் போட்டது போட்டபடி கிளம்பி ஓடினேன்.

தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அண்ணனால் பேச முடியாது. அதற்கு முன்பே தினம் தேவைப்படும் வாக்கியங்களைத் தன் குரலில் பேசி அந்தக் கணினிப் பெட்டியில் பதிந்து வைத்திருந்தான். வேண்டியதைத் தட்டினால் கணினி அவன் குரலில் சொல்லும். இன்னொரு பிரதி எடுத்து வை என்று நான் கரடியாகக் கத்தியும் கேட்கவில்லை. அந்தக் குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை.

அண்ணி தைக்கும் அறையில், தையல் மெஷினை ஒட்டித்தான் அவன் மேசை. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"பேசிட்டே இருந்தாரு. பாதி வார்த்தையில நின்னுபோச்சு. திரும்பப் போட்டா உசுரு வருது, உடனே போயிடுது."

சுவிட்ச், வயர் எல்லாம் சரியாக இருந்தன. பெட்டியோ அடுப்பாகக் கொதித்தது. அதற்கு அளவெடுத்து ஒரு பூப்போட்ட உறை தைத்து மாட்டியிருந்தாள் அண்ணி.

"தூசு படக் கூடாதுன்னுதான். முன்பக்கம் தெறந்துதானே விட்டிருக்கேன்?"

"காத்து வெளிய போறது பின்னாடி, அண்ணி!" எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

உறையை உருவிவிட்டு மூடியைக் கழற்றினேன். விசிறியைச் சுற்றித் துணித்தூள் கெட்டியாக அப்பியிருந்தது. இடுக்கியால் இழுத்தால் மெத்தைத் துண்டு போல முழுசாக வந்தது. ஓரத்தில் அடுக்கடுக்காக நிறங்கள். அண்ணி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இந்த நீலம் பள்ளிக்கூடச் சீருடை. வெள்ளை, நர்சுங்க கோட்டு. சிவப்பு, நாடகத்துக்குத் தைச்ச திரை. அடியம்மா, நான் தைச்சதெல்லாம் இதுக்குள்ளயா இருக்கு!"

கோபம் போன இடம் தெரியவில்லை. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

சுத்தம் செய்து மூடினேன். பெட்டி உயிர் பிடித்தது, நிலைத்தது. முதல் வேலையாகப் பிரதி எடுத்தேன். எல்லாம் வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். "கதவைச் சாத்து." "பசிக்கலை." பெயரே வைக்காத ஒன்றும் இருந்தது. தட்டினேன்.

பெட்டிக்குள்ளிருந்து அண்ணன் சிரித்தான். அடிவயிற்றிலிருந்து, மூச்சு முட்ட, பழைய சிரிப்பு. அண்ணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இத ஏங்க ஒருநாளும் போடல?" என்றாள் அவள்.

அண்ணன் திரையில் எழுதினான்: "சிரிப்பு வர்ற நேரத்துல எங்க தேடறது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா, புருஷன் குரலுக்குச் சட்டை தைச்சு மூச்சை அடைச்சவ நான் ஒருத்திதான்."

அண்ணனுக்கு வாய் திறந்தது, தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை. அண்ணி சட்டென்று அவன் மேல் சாய்ந்து கையை நீட்டி, அந்தப் பதிவைத் தட்டினாள்.