நமச்சிவாயத்தின் மேலுதட்டில் ஓர் ஊசி

1.
இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? பெருமாள்புரத்தில் என் சிநேகிதன் நமச்சிவாயம், கணக்கு வாத்தியார், நாலு மாதமாகக் கட்டிலில் கிடக்கிறான். களக்காட்டு ரோட்டில் பைக் சறுக்கி மண்டையில் பலத்த அடி. கண் திறந்திருக்கும், ஆளைத் தெரியாது. [தெரியாது என்று யார் சொன்னது? இந்த வரியை அடித்துவிடவா? கிடக்கட்டும்.]

2.
முதல் தொடக்கம்: 'மாயக் கை கொண்ட காஜா முகைதீன் ஊசியை எடுத்ததும்...' சே!

அடுத்தது: 'ஏமாற்றுக்கார அக்குபங்சர்காரர் ஒருவர்...' இதுவும் பொய். அந்த மனுஷன் முதல் நாளே நமச்சிவாயத்தின் மனைவி வேணியிடம் சொல்லிவிட்டார்: "எழுப்பிருவேன்னு வாக்குத் தரமாட்டேம்மா. டாக்டர் குடுத்த மாத்திரை ஒண்ணக்கூட நிறுத்தக் கூடாது. இது அதுகூடச் சேத்துச் செய்யுத வைத்தியம். பாப்போம்." கதைக்கு இவ்வளவு நேர்மையான ஆள் ஆகவே ஆகாது.

(அடிக்குறிப்பு: பலன் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆராய்ச்சிக்காரர்களே இன்னும் அடித்துச் சொல்லவில்லை.)

3.
போன ஞாயிறு மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே ஊசி ஏறியது. நமச்சிவாயம் முகத்தைச் சுளித்தான்.

"பாத்தியளா அண்ணாச்சி? அவுகளுக்கு வலிக்கு!" என்று என்னிடம் கத்தினாள் வேணி. புருஷனுக்கு வலிக்கிறதென்று ஒருத்தி சந்தோஷப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

"தன்னால சுளிக்கதாவும் இருக்கலாம்மா," என்றார் காஜா முகைதீன்.

நமச்சிவாயத்தின் அண்ணன் சிவசண்முகம் விடுவாரா? "ஏ வேணி, இதோட நிறுத்து. அவன் போயி நாலு மாசமாச்சு. வெறும் கட்டைய எதுக்குக் குத்தவிடுத?"

கட்டிலைத் தொட்டுக்கொண்டு நின்றே சொன்னார், பாவி மனுஷன்!

4.
சொல்லிவிட்டு விடுவிடுவென்று வாசலுக்கு நடந்தார். எங்கள் பக்கம் துட்டி கேட்கப் போன வீட்டில்தான், அதாவது சாவு விழுந்த வீட்டில்தான், 'போயிட்டு வாரேன்' என்று சொல்லாமல் இறங்குவோம்.

வேணி ஓடிப்போய் மறித்தாள். "வாரேன்னு சொல்லிட்டுப் போங்க அத்தான். அவுக உசுரோட இருக்காக."

"யார்ட்ட சொல்ல?"

"அவுகள்ட்ட!"

அவர் விலகி இறங்கிப் போய்விட்டார்.

அவரை வில்லனாக்கி நாலு பக்கம் திட்டித் தீர்த்தேன். ஐந்தாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. வாரம் தவறாமல் போகிற நான் ஒரு நாளாவது அவனிடம்...

வேணியிடம் 'வாரேன்' சொல்லியிருக்கிறேன். அவனிடம் இல்லை. நாலு மாதமாக நானும் துட்டிதான் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். த்தூ!

5.
(அ) அவன் விழிக்கிறான்.
(ஆ) விழிக்க...

இரண்டில் எது என்றுதானே கேட்கிறீர்கள்? தரமாட்டேன். விழித்தால் மனுஷன், விழிக்காவிட்டால் கட்டையா? எந்த ஊர் நியாயம் இது?

வேணி ஊசியை நிறுத்தவில்லை. நேற்றும் காஜா முகைதீன் வந்தார். எல்லாம் முடிந்தபின் நான் குனிந்து, "லே நமச்சி, வாரேன்லே," என்றேன். அவன் முகம் அசைந்ததா என்பதை எழுதப்போவதில்லை.

இவ்வளவு நேரம் நீங்களும் அந்தக் கட்டிலருகேதான் நின்றீர்கள். புத்தகத்தை மூடப்போகிறீர்கள், மூடுங்கள். ஆனால் அவனிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.